கெமிஸ்தம் தந்த கிறீன் வைத்தியர்

எங்கள் வீடுகளில் ஆரத்தி எடுக்கும்போது தாய்மார் தட்டில் நீர் வார்த்து, மஞ்சளைக் கரைத்து, விரல் நுனியளவு சுண்ணாம்பை அதில் இடுவர். மறுகணமே மஞ்சள் நீர் செந்நீராகும். கண்ணூறு கழியும் என்று பெரியோர் சொல்வர். இரசாயனம் பயில்வோர் அதனைத் தாக்கம் என்பர். ஒன்றோடொன்று சேர்ந்த பொருள்கள் தத்தம் குணம் மாறி வேறொன்றாவதே தாக்கம். பள்ளிக்கூட வாசலை மிதியாத எங்கள் பாட்டிமாருக்கும் இது புதினமன்று. ஆனால் இதனை ஏட்டில் எழுதுவது எப்படி? எந்தப் பெயரால், எந்த எழுத்தால், எந்த மொழியால் எழுதுவது? நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே இந்தக் கேள்வியைத் தமிழில் எடுத்துக்கொண்டு, விடையும் அச்சிற் கொண்டுவந்தவர் ஒருவர் இருந்தார். அவர் தமிழருமல்லர், இந்துவுமல்லர். அமெரிக்க மிசனைச் சேர்ந்த சமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் வைத்தியரே அவர்.

இந்து இளைஞர் மலரில் ஒரு மிசனரியின் வாழ்க்கையா என்று பெரியோர் சிலர் புருவம் நெரிக்கக்கூடும். அவர்கள் கேள்வி நியாயமானதே. அதற்கு விடையாக ஒரு தற்செயலை முதலிற் சொல்லிவிடுகிறேன். கிறீன் பிறந்தது 1822 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 10 ஆந் தேதி. அதே ஆண்டு டிசம்பர் மாதம் 18 ஆந் தேதி நல்லூரிற் பிறந்தவர் நம் ஆறுமுக நாவலர். 1848 ஆம் ஆண்டு நாவலர் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை ஆரம்பித்தார். அதே 1848 இல், ஒரு சில கட்டை தூரத்திலுள்ள மானிப்பாயில், கிறீன் ஒரு சில மாணாக்கரை இருத்தி வைத்தியம் படிப்பிக்கத் தொடங்கினார். ஒருவர் மிசனரிமாரின் மதமாற்றத்தை எதிர்த்து நின்றவர். மற்றவர் மதமாற்றும் நோக்கத்தோடே வந்தவர். ஆயினும் இருவரும் ஒரே காரியத்தைச் செய்தனர்: தமிழ் வசனநடை எதையும் சொல்லவல்லது என்பதை அச்செழுத்திற் காட்டினர். நாவலரின் பணியை நம் பிள்ளைகள் அறிவர். கிறீனின் பணியை அறிந்தவர் சிலரே.

எனக்கும் இது சொந்தக் காரியமாகவே பட்டது. புல்மோட்டைக் கடற்கரையின் கறுப்பு மணலில் ஓடி விளையாடி, பின்பு மிசனரிமார் தொடங்கிய பாடசாலை ஒன்றிற் படித்து, உயர்தரம் வரைக்கும் தாக்கம், மூலகம், சேர்வை, சமன்பாடு என்று தமிழிலேயே இரசாயனம் கற்றவன் நான். பல்கலைக்கழகத்தின் முதல் வகுப்பில் விரிவுரை ஆங்கிலத்தில் நடந்தது. கரும்பலகையில் இருந்த சமன்பாடு எனக்குத் தெரிந்த சமன்பாடுதான். ஆனால் அதைச் சுற்றி ஓடிய பேச்சு ஒன்றும் ஏறவில்லை. அன்றிரவு விடுதியில் ஒரு மூத்த மாணவ அண்ணர், தமிழிற் படித்ததெல்லாம் வீண் பாரம் என்று எனக்கு ஆறுதல் கூறினார். அந்த ஆறுதல்தான் என்னைக் கிறீனிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது.

கிறீன் பிறந்த ஊர் அமெரிக்காவின் மசாச்சுசெற்ஸ் மாகாணத்து வூஸ்ரர். பதினொரு பிள்ளைகள் இருந்த பெரிய குடும்பம். அவருடைய தமையனார் அன்ட்ரூ ஹாஸ்வெல் கிறீன், நியூயோர்க் நகரத்தின் நடுப் பூங்காவை அமைப்பித்தவர்களுள் ஒருவராகவும், சிதறிக் கிடந்த ஊர்களை இணைத்துப் பெருநகராக்கியவராகவும் புகழ்பெற்றவர். தம்பியாருக்கும் அந்த நகரத்தில் நல்ல வருவாய் காத்திருந்தது. 1845 ஆம் ஆண்டு நியூயோர்க் வைத்தியக் கல்லூரியிற் பட்டம் பெற்ற அவர், 1847 இல் மிசனின் வைத்தியராகக் கப்பலேறி யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 25. முதலில் வட்டுக்கோட்டை, அடுத்த ஆண்டு மானிப்பாய்.

அவர் புறப்படுவதற்கு முந்திய ஆண்டு, 1846 ஒக்டோபரில், அவருடைய சொந்த மாகாணத்துத் தலைநகரான பொஸ்ரனில் ஈதர் என்னும் ஆவியை மூக்கிலேற்றி நோவறியாமற் சத்திரம் செய்து காட்டினார்கள். வைத்தியசாலைக்குள் இரசாயனம் முழு உரிமையோடு நுழைந்த காலம் அது. மருந்து செய்யவும் அதன் தூய்மையைச் சோதிக்கவும், அமிலம் குடித்தவனுக்குச் சோக்குத்தூள் கொடுப்பது ஏன் என்று விளங்கவும் வைத்தியனுக்கு இரசாயனம் வேண்டும். பிற்காலத்திற் கிறீன் வைத்திய நூல்களின் வரிசையில் ஓர் இரசாயன நூலையும் சேர்த்ததன் காரணம் இங்கேதான் இருக்கிறது.

மானிப்பாயில் நோயாளர் கூட்டத்துக்குக் குறைவில்லை. வாந்திபேதி அக்காலத்திற் பலமுறை யாழ்ப்பாணத்தை வாரிக்கொண்டு போயிற்று. ஒரு வைத்தியர் எத்தனை வீட்டுப் படி ஏறுவார்? உள்ளூர்ப் பிள்ளைகளை வைத்தியராக்குவதொன்றே வழி என்று கண்டு கிறீன் பாடம் தொடங்கினார். அந்தப் பாடம் முதலில் ஆங்கிலத்திலேயே நடந்தது. வட்டுக்கோட்டைச் செமினரி 1823 முதல் ஆங்கிலத்தில் உயர்கல்வி கொடுத்து வந்ததால், ஆங்கிலம் அறிந்த மாணாக்கர் கிடைப்பதும் கடினமாக இருக்கவில்லை. சங்கடம் பிறகுதான் வந்தது. ஆங்கிலத்தில் வைத்தியம் படித்தவர் கிராமத்திற் தங்கவில்லை. அரசாங்க உத்தியோகமும் நல்ல சம்பளமும் கிடைக்கும் இடம் தேடிப் போனார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு வாய் இல்லை. நானும் என் வகுப்பு நண்பரும் வேறெதைக் கனவு காண்கிறோம்? ஆனால் கிறீனுக்குக் கணக்கு உதைத்தது. எந்த ஊருக்காகப் படிப்பித்தாரோ அந்த ஊருக்கு வைத்தியர் இல்லை.

1855 இல் அமெரிக்க மிசன் தன் கொள்கையை மாற்றிச் செமினரியை மூடி, சுதேச மொழிக் கல்விக்கு முதன்மை கொடுத்தது. கிறீனின் எண்ணமும் அதே பக்கம் சாய்ந்திருந்தது. தமிழிலே படித்தவன் தமிழரிடையே தங்குவான் என்று அவர் நம்பினார். அதற்கு முதலிற் புத்தகம் வேண்டும். 1850 ஆம் ஆண்டுகளிலேயே உடலமைப்பு, உடல் தொழில், சுகாதாரம் பற்றிய கற்றர் என்பாரின் நூலும், பிரசவ வைத்தியம் பற்றிய நூலும் தமிழில் வந்தன. ஊருக்குச் சென்று, 1862 இல் மணமுடித்து, மனைவியாருடன் திரும்பி வந்த பின்பு, 1864 ஆம் ஆண்டளவில் முழு வைத்தியக் கல்வியையும் தமிழில் நடத்தத் தொடங்கினார். பின்னர் இரண வைத்தியம், மனுஷ அங்காதிபாதம், வைத்தியாகரம், மனுஷ சுகரணம் என்று பெரும் பெரும் நூல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. எல்லாவற்றையும் கூட்டினால் நாலாயிரம் பக்கத்துக்கு மேலாகும். அவரிடம் பயின்றவர் அறுபதுக்கும் மேற்பட்டோர். மாணாக்கர் சிலர் மொழிபெயர்ப்பிலே துணைநின்றனர். வரி வரியாகப் பார்த்துத் திருத்தியவர் அவர்.

சொல்லுக்கு அவர் வைத்திருந்த விதி எளியது. தமிழிலே சொல் இருந்தால் அதையே எடுப்பது. இல்லையேல் வடமொழியிலே தேடுவது. அங்கும் இல்லையேல் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்வது. அங்காதிபாதம் என்ற பெயரைப் பாருங்கள். தெய்வத்தின் திருமேனியை முடிமுதல் அடிவரை பாடும் கேசாதிபாதம் அதிலே ஒலிக்கவில்லையா? பிணத்தை அறுத்துப் பார்க்கும் கல்விக்கு இப்படி ஒரு பெயரைத் தேர்ந்தவர், நம் இலக்கியத்தின் வாசனை அறியாதவராக இருக்கமுடியாது. சுகரணம் என்ற பெயர் எனக்கு அவ்வளவு பிடிக்கவில்லை. காலமும் அதைத் தள்ளிவிட்டது. அங்காதிபாதமும் இன்று வழக்கில் இல்லை. உடற்கூற்றியல், உடற்றொழிலியல் என்பனவே நிலைத்தன.

இரசாயன நூலுக்கு அவர் வைத்த பெயர் கெமிஸ்தம். மூல நூல், அவருடைய மாகாணத்தவரேயான டேவிட் வெல்ஸ் 1858 இல் வெளியிட்ட பாடநூல். வெல்ஸ் பிற்காலத்தில் இரசாயனத்தை விட்டு வரிவிதிப்பு, பொருளாதாரம் என்று வேறு துறைக்குப் போய்ப் பெயர்பெற்றார் என்பது வேறு கதை. இரசாயனம் என்ற சொல் நம்மிடம் ஏற்கெனவே இருந்தது. அப்படியிருக்கக் கிறீன் கெமிஸ்தம் என்று ஏன் புதுச்சொல் ஆக்கினார்? என் எண்ணத்தை மட்டும் சொல்கிறேன். இரசாயனம் என்றால் அக்காலத் தமிழர் காதில் சித்தரின் பாதரசமும், பொன்னாக்கும் வித்தையும், காயகற்பமும் விழுந்திருக்கும். நிறுத்துப் பார்க்கும் புதிய கல்விக்கு அந்தப் பழைய பெயரைக் கொடுக்க அவர் தயங்கியிருக்கலாம். காலம் இவ்விடத்திலும் அவரை மறுத்து, இரசாயனம் என்ற சொல்லையே திரும்பக் கொண்டுவந்தது.

நிறுத்துப் பார்த்தல் என்றேன். சமன்பாட்டின் உயிர் அதிலேதான் இருக்கிறது. இதைச் சற்று நிதானமாகச் சொல்ல விரும்புகிறேன். இரசாயனம் படியாத பெரியோரும் பொறுமையோடு கேட்க வேண்டும்.

நம் கரையோரத்தில் முருகைக்கல்லையும் சிப்பியையும் சூளையிலிட்டுச் சுண்ணாம்பு சுடுவதைப் பலர் பார்த்திருப்பீர்கள். சிப்பி என்பது பெரும்பாலும் கல்சியம் காபனேற்று. அதில் தூய்மையானதாக 100 இறாத்தல் எடுத்துச் சுட்டால் வெளியே வருவது 56 இறாத்தல் நீறாத சுண்ணாம்பே. மிச்சம் 44 இறாத்தல் எங்கே? நெருப்புத் தின்றுவிட்டது என்று சொன்னால் அது பழைய காலத்து விடை. காபனீரொட்சைட்டு என்னும் வாயுவாகப் புகையோடு போயிற்று என்பது இரசாயன விடை. சுட்ட சுண்ணாம்பிலே தண்ணீர் தெளித்தால் சீறிக் கொதித்துப் பொரிந்து பொடியாகும். 56 இறாத்தல் சுண்ணாம்பு 18 இறாத்தல் நீரைக் குடித்து 74 இறாத்தல் நீற்றுச் சுண்ணாம்பாகும். அதனைச் சுவரிற் பூசினால், சூளையில் விட்டுப்போன அதே வாயுவைக் காற்றிலிருந்து 44 இறாத்தல் எடுத்துக்கொண்டு, குடித்த நீர் 18 இறாத்தலையும் கக்கிவிட்டு, மறுபடியும் 100 இறாத்தல் கல்சியம் காபனேற்றாக இறுகும். கோயில் மதிலின் வெண்சாந்து கல்லாக இறுகுவதும், மூடாத கரண்டகத்து வெற்றிலைச் சுண்ணாம்பின்மேல் ஆடை படர்வதும் இதனாலேயே. சிப்பி சுண்ணாம்பாகி, சுண்ணாம்பு மீண்டும் சிப்பியின் பொருளாகிறது. வழியில் ஒரு குன்றிமணி எடைகூடக் காணாமற் போகவில்லை.

இதை உலகுக்கு நிறுவிக் காட்டியவர் பிரான்சு தேசத்து லவாசியே. 1789 இல் வெளியிட்ட நூலில், திராட்சைச் சாறு புளித்து மதுவும் வாயுவும் ஆவதை அவர் கணக்குப் போலச் சமக்குறி இட்டு எழுதினார். ஐந்தாண்டுக்குள், 1794 இல், பிரெஞ்சுப் புரட்சிக்காரர் அவர் தலையை வாங்கிவிட்டனர். 1813 ஆம் ஆண்டளவில் சுவீடன் தேசத்து பேர்சீலியஸ் மூலகங்களுக்கு எழுத்துக்குறி வகுத்தார். அவர் எடுத்தது இலத்தீன் பெயர்களின் முதலெழுத்துகளை. இரும்புக்குரிய குறி பெரம் என்ற இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது; ஆங்கிலப் பிள்ளையின் வாயிலுள்ள அயன் என்ற சொல்லுக்கும் அந்தக் குறிக்கும் ஓர் உறவுமில்லை. அவனும் நம்மைப்போல் அந்நிய எழுத்தை மனனம் செய்தே படிக்கிறான். விடுதி அண்ணரிடம் இதை நான் அன்றே சொல்லியிருக்கவேண்டும். அன்று எனக்குத் தெரியாது.

கிறீனின் காலம் இரசாயனத்துக்குக் குழப்பமான காலமுங்கூட. ஐதரசன் 1 இறாத்தலுக்கு ஒட்சிசன் 8 இறாத்தல் சேர்ந்தால் 9 இறாத்தல் நீர் கிடைக்கும். இதில் எவருக்கும் ஐயமில்லை. ஆனால் நீரின் ஒரு துகளில் ஐதரசன் ஒன்றா, இரண்டா? வெல்ஸின் நூல் வெளிவந்த காலத்துப் பாடநூல்கள் பல ஒன்றென்று கொண்டு ஒட்சிசனின் எடையை 8 என்று எழுதின. 1860 இல் ஜேர்மனியின் காள்ஸ்றூ நகரில் இரசாயனிகள் கூடி வாதாடிய பின்னரே, ஐதரசன் இரண்டு, ஒட்சிசனின் எடை 16 என்ற கொள்கை மெல்ல மெல்ல வேரூன்றியது. ஐதரசன் துகள் இரண்டு, ஒட்சிசன் துகள் ஒன்று, சேர்ந்து நீர்த்துகள் இரண்டு: எடையில் 4 உம் 32 உம் சேர்ந்து 36. பழைய கணக்கிலும் இருபுறமும் ஒத்தது, புதிய கணக்கிலும் ஒத்தது. ஒத்துவிட்டது என்பதற்காக ஒரு சமன்பாடு உண்மையாகிவிடாது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. மேனாட்டாரே தம் மொழியிற் தடுமாறிய ஒரு பொருளைத்தான் கிறீனும் அவர் மாணாக்கரும் அந்நாட்களிலே தமிழாக்கினர்.

கெமிஸ்தம் 1875 இல் நாகர்கோவிலில் அச்சாகி வெளிவந்தது. கிறீன் அப்போது இங்கில்லை. உடல் தளர்ந்து 1873 இல் தாயகம் திரும்பிவிட்டார். வூஸ்ரரில் இருந்துகொண்டே கையெழுத்துப் பிரதிகளையும் அச்சுப்படிகளையும் கப்பலில் வருவித்துத் திருத்தி அனுப்பினார். தமிழ் பேசுவோர் ஒருவருமில்லாத குளிர் நாட்டில், சன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்க, ஒரு மனிதர் தமிழ்ச் சொல்லொன்றைப் பொறுக்கியெடுத்து வைப்பதை எண்ணிப் பார்க்கிறேன். மதத்தின் பொருட்டு மட்டுமே அவர் வந்தார் என்று சொல்வோருக்கு, மதத்தின் பொருட்டு கெமிஸ்தம் தேவையில்லை என்பதே என் பதில்.

அதற்காக அவரை வேறொருவராக்கிக் காட்டவும் நான் விரும்பவில்லை. நோயாளிக்கு மருந்தோடு வேதமும் போதிக்கவேண்டும் என்பதே அவர் கொள்கை. அதை அவர் மறைத்தவருமல்லர். நாவலர் எதிர்த்ததும் இதைத்தான். எதிர்த்தது சரியே என்பது என் துணிபு. ஆனால் அவரிடம் ஓர் அதிசயமும் இருந்தது. தம் மாணாக்கர் காற்சட்டையும் சப்பாத்தும் மாட்டி ஐரோப்பியராவதை அவர் விரும்பவில்லை. உடையிலும் உணவிலும் பழக்கத்திலும் தமிழராகவே இருக்கவேண்டுமென்றார். இக்காலத்தில் நம்மவர் பிள்ளைகளுக்கு நாம் இதைச் சொன்னால் முகம் சுளிக்கிறார்கள்.

அவர் போனபின் தமிழ்வழி வைத்தியக் கல்வி நெடுங்காலம் நிலைக்கவில்லை. 1870 இல் கொழும்பில் அரசாங்க வைத்தியக் கல்லூரி ஆங்கிலத்திற் தொடங்கிவிட்டது. உத்தியோகம் அங்கே, மதிப்பும் அங்கே. தமிழிற் படித்த வைத்தியனை யார் தேடுவார்? மாணாக்கரே ஆங்கிலம் வேண்டுமென்று கேட்டனர். கிறீனின் நூல்கள் அலுமாரிகளில் ஒதுங்கின. புத்தகம் இல்லாமையால் தமிழ்வழிக் கல்வி தோற்றது என்று சொல்வார்கள். மானிப்பாயிற் புத்தகம் இருந்தது, ஆசிரியர் இருந்தனர், கற்றவரும் திறமையாகத் தொழில் செய்தனர். இல்லாதிருந்தது சம்பளப் பட்டியலில் ஓரிடம்.

1884 மே மாதம் 28 ஆந் தேதி கிறீன் வூஸ்ரரிற் காலமானார். தாம் தமிழருக்கு வைத்தியமும் வேதமும் கொண்டுசென்றவர் என்பதைக் கல்லறையிற் பொறிக்கும்படி கேட்டிருந்தார். நியூயோர்க் நகரின் புகழ்பெற்ற குடும்பத்தவர் என்பதை அன்று. மானிப்பாய் மருத்துவமனை பின்னர் அவர் நினைவாகப் பெயர்பெற்றது. சமன்பாட்டின் நடுவே சமக்குறிக்குப் பதிலாக எதிரெதிரான அம்புகளை இட்டு, தாக்கம் முன்னும் போகும், பின்னும் திரும்பும் என்று வான் ஹொவ் என்னும் ஒல்லாந்தர் எழுதியதும் அதே 1884 ஆம் ஆண்டில்தான். அந்த அம்பைக் கிறீன் கண்டிருக்கமாட்டார். நாமோ சமக்குறி போய் அம்பு வந்த பின்பும் சமன்பாடு என்றே சொல்லி வருகிறோம்.

சென்ற விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தபோது, சாதாரண தரம் படிக்கும் தங்கைமார் சிலர் சமன்பாடு வரவில்லை என்று கொப்பியோடு வந்தார்கள். கிறீனின் விதியைச் சோதிக்க எனக்கு நல்ல வாய்ப்பு. கரையில் ஒரு பிடி கறுப்பு மணலை அள்ளிவரச் சொன்னேன். வடகீழ்ப் பருவக்காற்று ஆண்டுதோறும் கரையிற் கொண்டுவந்து ஒதுக்கும் இல்மனைற்று மணல் அது. இரும்பும் தைத்தேனியமும் ஒட்சிசனும் கலந்த சேர்வை. 1791 இல் இங்கிலாந்தின் கோண்வாலில் இதேபோன்ற கறுப்பு மணலைச் சோதித்துத்தான் வில்லியம் கிறெகர் என்னும் பாதிரியார் தைத்தேனியத்தைக் கண்டுபிடித்தார். மணலிலே கையளைந்த பாதிரியார் அவர் ஒருவர்தானா என்று கேட்டாள் ஒருத்தி. நெடுங்காலமாக இந்த மணல் பெரும்பாலும் மணலாகவே கப்பலேறிப் போய், அந்நிய நாட்டில் வெண்ணிறப் பூச்சாகித் திரும்பி வருகிறது. நடுவில் என்ன நடக்கிறது என்பதைத் தமிழிலேயே எழுதிக் காட்டினேன்.

இல்மனைற்று ஒரு பங்கு, சல்பூரிக்கமிலம் இரண்டு பங்கு. சேர்ந்து தருவது இரும்புச் சல்பேற்று ஒரு பங்கு, தைத்தேனியமும் ஒட்சிசனும் சேர்ந்த சல்பேற்று ஒரு பங்கு, நீர் இரண்டு பங்கு. தைத்தேனியம் இருப்பதை மேலும் நீரிட்டுக் காய்ச்சிச் சுட்டால் வெள்ளைப்பொடி கிடைக்கும். இரும்பு 56, தைத்தேனியம் 48, கந்தகம் 32, ஒட்சிசன் 16, ஐதரசன் 1 என்று எடை கொடுத்துவிட்டு, இருபுறமும் கூட்டிப் பாருங்கள் என்றேன். இடப்புறம் 152 உம் 196 உம். வலப்புறம் 152, 160, 36. மூத்தவள் முதலில் நீரை ஒரு பங்காக எடுத்து 330 என்றாள். இளையவள் கொப்பியை வாங்கி, நீர் இரண்டு அக்கா என்று திருத்தி, 348 என்று எழுதினாள்.